கட்டில் கேட்கிறோம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் கூடிப் பேசி, நாங்கள் எழுதிக்கொண்ட பிரகடனம் இது. இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒரு மாலை முழுக்கப் பெயருக்காகவே சண்டை போட்டதோடு சரி.

எங்கள் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ 950 ஆண்டுக்கு முன் இங்கே நடந்த ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையின் கணக்கு அதில் உண்டு. நோயாளிகளுக்குக் கட்டில் 15. வைத்தியர் ஒருவர், அறுவைக்கு ஒருவர், மருந்து கொண்டுவர இருவர், பணிவிடைக்குப் பெண்கள் இருவர். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அது கோயில் ஊழியருக்கும் பாடசாலை மாணவருக்குமான சாலை. கல் உடைத்தவன் அங்கே படுத்திருக்க முடியாது. நாங்கள் கேட்பது அவனுக்கான கட்டில்.

அந்தக் கட்டிலைக் கேட்பதற்கு முதற்படியாக, போதை அடிமைத்தனம் நோய் என்று அறிவிக்கிறோம். கல் கிரஷரில் நாள் முழுக்க நின்றவன் உடம்பு வலிக்கு என்று குவார்ட்டரைத் தொடுகிறான். பிறகு, குடிக்காவிட்டால் கை நடுங்குகிறதே என்று குடிக்கிறான். பள்ளிக்கூடத்துப் பையன் கூல் லிப் புகையிலையில் தொடங்கிக் கஞ்சாப் பொட்டலத்துக்குப் போகிறான். வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்றது. மிச்சம் 37 பேருக்குக் கிடைப்பது திண்ணைப் பேச்சு.

அதட்டினால் குடி நிற்கும் என்பதை ஏற்கமாட்டோம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரும் போகலாம். இனிக் குடிக்கமாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதைத் தடுக்கவில்லை. கட்டிய கையோடு மருத்துவரிடமும் போகட்டும். ஆனால் குழம்பில் தெரியாமல் மருந்து கலப்பதைக் கண்டிப்பாக எதிர்க்கிறோம். குடியை நிறுத்தக் கொடுக்கும் சில மாத்திரைகள் மருத்துவர் மேற்பார்வையில் தரவேண்டியவை. அவற்றைச் சாப்பிட்டது தெரியாமல் மேலே குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கிச் சாகவும் கூடும். வேறு வழி தெரியாமல் இதைச் செய்கிற அம்மாக்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

2023இல் மரக்காணம் பக்கமும் எங்களுக்கு அடுத்த மாவட்டமான செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் சாராயம் ஆட்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். மெத்தனால் உடம்புக்குள் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும். மானம் பார்க்கிற நேரமல்ல அது.

கள்ளச்சாராயமும் கஞ்சாவும் விற்கிறவனிடம் இந்தப் பரிவு கிடையாது. அவன் சொந்தக்காரனாக இருந்தாலும் 10581 என்ற போலீஸ் புகார் எண்ணுக்குத் தகவல் போகும். குடிக்கிறவரின் வீட்டாருக்கு 14446 என்ற உதவி எண்ணைக் கதவுக்குக் கதவு எழுதிக்கொடுப்போம். உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில் இந்த நோய்க்கென்றே 15 கட்டில் வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் வைப்போம்.

921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, கள்ளுண்ட பாதகம் உள்ளவனைக் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியில்லை என்று ஒதுக்கியது. எங்கள் கூட்டத்துக்கு அப்படி விதி இல்லை. தள்ளாடிக்கொண்டு வந்தாலும் வரட்டும், முன்வரிசையில் பாய் போட்டிருக்கிறோம்.