மாற்ற முடியாததற்கு முதல் காசு

பிளஸ் டூ முடிவு வந்து கல்லூரியில் இடம் உறுதியானதும் வத்திராயிருப்புப் பக்கத்து வீடுகளில் அடுத்த பேச்சு லேப்டாப்தான். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்கோ ராஜபாளையம் ராம்கோ இன்ஸ்டிடியூட்டுக்கோ போகப்போகிற பிள்ளை, "வாங்குறதுன்னா கேமிங் லேப்டாப்தான் வாங்கணும்" என்கிறது. "படிக்கிறதுக்கு எதுக்குப்பா கேமிங்?" என்கிறார் அப்பா. நெல்லோ தேங்காயோ போட்ட காசு, இல்லையென்றால் நகையை வைத்து எடுத்த காசு; 60,000 ரூபாயைத் தாண்டினால் வீடு தாங்காது. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேமிங் லேப்டாப் என்பது தனி கிராபிக்ஸ் கார்டும், அதன் சூட்டைத் தாங்கும் பெரிய ஃபேன்களும், கொஞ்சம் கனத்த உடம்பும் உள்ள கணினி. அவ்வளவுதான். அந்தக் கார்டு விளையாட்டுக்கு மட்டும் உழைப்பதில்லை. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளையின் முப்பரிமாண வரைபடத்துக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும், செயற்கை நுண்ணறிவுப் பாடத்தின் பயிற்சிகளுக்கும் அதுவே உழைக்கிறது. ஆன்லைன் விளையாட்டு என்றதும் பெற்றோர் மனதில் வருகிற ரம்மி பயம் வேறு சங்கதி. 2022இல் தமிழ்நாடும் 2025இல் ஒன்றிய அரசும் சட்டம் போட்டது பணம் வைத்து ஆடுவதைத் தடுக்க. அந்த ஆட்டத்துக்குச் சாதாரணக் கைப்பேசியே போதும்; கேமிங் லேப்டாப்பை மறுப்பதால் அந்த ஆபத்து குறையாது.

கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையிடம் கேட்க வேண்டியது, என்ன விளையாடப் போகிறாய் என்பது. வேலரண்ட் என்ற விளையாட்டு மட்டும் என்றால் கேமிங் லேப்டாப்பே தேவையில்லை. பழைய, மலிவான கணினியிலும் ஓட வேண்டும் என்றே அதை எடை குறைவாகச் செய்திருக்கிறார்கள். இன்றைய ரைசன் 5, கோர் ஐ5 லேப்டாப்களில் உள்ள உள்ளமைந்த கிராபிக்ஸிலேயே ஓடும். 2015இல் கணினிக்கு வந்த ஜிடிஏ 5-இன் பழைய பதிப்புக்கும் பெரிய கார்டு வேண்டாம். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் போன்ற பெரிய விளையாட்டுகள் வேண்டும் என்றால்தான் தனிக் கார்டுக்குக் காசு ஒதுக்க வேண்டும். பல வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே 20,000 ரூபாய் கூடுதலாகச் செலவாகிறது.

தனிக் கார்டு வேண்டும் என்று முடிவாகிவிட்டால், காசு குறைவாக உள்ளவர் பிடித்துக்கொள்ள வேண்டிய வழி ஒன்று உண்டு. பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு முதலில் காசைப் போடுங்கள். மாற்ற முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிராபிக்ஸ் சில்லும் பிராசசரும் மதர்போர்டோடு பற்றவைத்தே வருகின்றன. திரையை மாற்றுவது கட்டுப்படியாகாது. குளிரூட்டும் அமைப்பு எப்படி வந்ததோ அப்படியேதான். ராமும் எஸ்எஸ்டியும் பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் திருகைக் கழற்றிக் கூட்டிக்கொள்ளக்கூடியவை. விளம்பரங்களோ இதைத் தலைகீழாக்குகின்றன. 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, உள்ளே இருப்பது ஆர்டிஎக்ஸ் 2050 கார்டு என்பதை மூலையில் போடுவார்கள். அதே விலைக்கு 512 ஜிபி எஸ்எஸ்டியோடு ஆர்டிஎக்ஸ் 3050 கிடைத்தால் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும்.

கார்டின் பெயரோடும் நின்றுவிடக் கூடாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். லேப்டாப்பில் ஒரே பெயருள்ள கிராபிக்ஸ் சில்லுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050-க்கு, அந்தச் சில்லை வடிவமைத்த என்விடியா வைத்திருக்கும் எல்லை 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை. ஆர்டிஎக்ஸ் 4050-க்கு 35இலிருந்து 115 வரை. மெல்லிய, அழகான லேப்டாப்பில் 4050-ஐ வைத்துக் குறைந்த வாட்டில் ஓட்டுவார்கள். கனத்த லேப்டாப்பில் அதே சில்லு முழு வாட்டில் ஓடும். கிணற்று மோட்டார் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தகட்டில் 5 எச்பி என்று போட்டிருந்தாலும் வோல்டேஜ் இறங்கினால் தண்ணீர் ஏறாது. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில், விவரக் குறிப்புகளில், இந்த வாட் எண் பெரும்பாலும் இருக்கும். கடைக்காரர் கார்டின் பெயரை மட்டும் சொன்னால், வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்னொரு எண், கார்டின் சொந்த நினைவகம். ஆர்டிஎக்ஸ் 2050 4 ஜிபியோடு வருகிறது. 3050-இல் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். 4050-இல் 6 ஜிபி. சமீபத்திய பெரிய விளையாட்டுகள் 4 ஜிபிக்குள் திணறுகின்றன. காட்சியின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். லேப்டாப்பின் ராமைக் கூட்டினாலும் கார்டின் நினைவகம் அதிகமாகாது. நான்கு வருடம் வைத்திருக்கப் போகிற பொருளில் 6 ஜிபிக்குக் கொஞ்சம் நெருக்கிப் பிடித்தாவது போய்விடுவது நல்லது.

ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனைக்கு இப்போது ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 2025 கடைசியிலிருந்து உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய கணினி மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதே காரணம். குருஷியல் என்ற பெயரில் ராமும் எஸ்எஸ்டியும் நமக்கு விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் விலை வித்தியாசம் எவ்வளவு, தனியாக ஒரு 8 ஜிபி வாங்க எவ்வளவு ஆகும் என்று அன்றைய விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 8 ஜிபிதான் முடியும் என்றால், ராம் ஒரே குச்சியாக இருக்கிறதா, பக்கத்தில் காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குச்சிகள் சேர்ந்து ஓடும்போது வேகம் கூடும். உள்ளமைந்த கிராபிக்ஸை நம்பும் லேப்டாப்பில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பிராசசரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-12450எச் என்றால் கேமிங்குக்கானது. ஐ5-1235யு என்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் மெல்லிய லேப்டாப்புக்கானது. ரைசனிலும் எச், எச்எஸ் என்று முடிபவைதான் நமக்கு. இந்த விலையில் ஐ7 தேடி அலைய வேண்டாம். திரையில் ஃபுல் எச்டி போதும்; 144 ஹெர்ட்ஸ் இப்போது பெரும்பாலானவற்றில் வருகிறது. டிசைன் படிக்கும் பிள்ளை மட்டும் நிற விவரத்தைப் பார்க்க வேண்டும்: 45 சதவீத என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும்.

இனி நம் ஊர் வெயிலுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் என்றாலும் சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத மாடி அறை எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். உள்ளே சூடு சுமார் 95 டிகிரியைத் தாண்டினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் பறக்கும் விளையாட்டு அரை மணி நேரத்தில் விக்குவது இதனால்தான். மதிப்புரை வீடியோக்களில் அரை மணி நேரத் தொடர் ஓட்டத்தைக் காட்டுபவற்றை மட்டும் நம்புங்கள்.

சூட்டோடு சேர்வது தூசி. ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பக்கத்திலும், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகளுக்குப் பக்கத்திலும், சுந்தரபாண்டியம் நெசவுத் தெருக்களிலும் குடியிருப்போர் வீட்டில் பஞ்சுத் தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். அது லேப்டாப் ஃபேனுக்குப் பின்னாலுள்ள உலோக இடுக்குகளில் மெத்தை போலப் படிந்து காற்றை அடைத்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது இங்கே கட்டாயம். மெத்தை மீதும் மடி மீதும் வைத்து விளையாடவே கூடாது. பின்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி வைத்தாலே நல்ல வித்தியாசம் கிடைக்கும்.

அடுத்து பிளக். கேமிங் லேப்டாப்களில் சில, பிரிட்ஜ் போடும் 16 ஆம்பியர் பெரிய மூன்றுமுனை பிளக்கோடு வருகின்றன. படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் அந்தச் சாக்கெட் எத்தனை வீட்டில் இருக்கிறது? விடுதி அறையில் இருக்குமா? வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் உலோக உடம்பு கையைச் சுரீரென்று பிடிக்கும். எலக்ட்ரீசியனை ஒருமுறை அழைத்துப் பார்ப்பது உயிருக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது. பேட்டரியில் விளையாடலாம் என்றும் நினைக்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றினால் கார்டின் வேகம் விழுந்துவிடும், சார்ஜும் நெடுநேரம் நிற்காது. கரண்ட் போனால் விளையாட்டு போயிற்று என்றே கணக்கு வையுங்கள்.

லேப்டாப்தான் வேண்டுமா என்பதையும் யோசிக்கச் சொல்வேன். வீட்டிலிருந்தே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளை என்றால், அதே காசில் டெஸ்க்டாப் இதைவிட வேகமாகவும் குளிர்ச்சியாகவும் ஓடும்; பின்னால் கார்டையும் மாற்றலாம். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அறிவித்து 2026 ஜனவரியில் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினி, 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் கொண்டது. அரசுக் கல்லூரியில் சேர்ந்து அது கைக்கு வந்த பிள்ளை, படிப்புக்கு அதைச் சுமந்துபோய், சேர்த்து வைத்த காசில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப் வாங்குவதே புத்திசாலித்தனம். விடுதிக்குப் போகிறவருக்கு மட்டும் இது ஒத்துவராது.

பழையது வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது விண்டோஸ் 11-க்கு ஏற்பில்லை. அப்படிப்பட்ட லேப்டாப்பில் வேலரண்ட் போன்ற விளையாட்டுகளும் பாதுகாப்புக் காரணத்தால் வருங்காலத்தில் மறுக்கப்படலாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

காசு கட்டும் விதத்திலும் கண் வேண்டும். வட்டியில்லாத் தவணை என்பது பெயரளவில்தான். பூஜ்ய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013இலேயே தடுத்தது; இப்போது வட்டியைக் கடைக்காரரோ நிறுவனமோ தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். மொத்தமாகக் கட்டினால் விலை எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். செயல்முறைக் கட்டணம் தனி; கிரெடிட் கார்டுத் தவணை என்றால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும் தனி. லேப்டாப்புக்கும் அதே 18 சதவீதம்தான்: 60,000 ரூபாய் விலையில் சுமார் 9,150 ரூபாய் வரி. அதை மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி பில் இல்லாமல் தர வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு வாதாட முடியாது. வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி உங்கள் பின்கோடுக்குச் செல்லுமா என்று நிறுவனத்தின் எண்ணில் அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லாவிட்டால் ஒவ்வொரு கோளாறுக்கும் மதுரைக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

என் கணக்கு இது. 50,000 ரூபாய்க்குள் என்றால் புதிய கேமிங் லேப்டாப் வேண்டாம். நல்ல சாதாரண லேப்டாப்போ டெஸ்க்டாப்போ எடுங்கள். 55,000 முதல் 65,000 வரை என்றால் 6 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3050, வாட் கூடியதாக. அதற்கு மேல் 10,000 ரூபாய் சிரமமில்லாமல் புரட்ட முடிந்தால் 4050-ஐப் பாருங்கள். 4050-க்காக மட்டும் நகையை அடகு வைக்காதீர்கள்.