பிரித்துத் தைக்கலாம்

பட்டுப்பாவாடையின் அடிவிளிம்புக்கு மேலே இரண்டோ மூன்றோ டக் பிடித்திருக்கும். ஐந்து வயதில் எடுத்த பாவாடை ஆறு வயதில் கணுக்காலுக்கு மேல் ஏறியதும் ஒரு டக்கைப் பிரித்துவிடுவார்கள். அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று. ரவிக்கையின் பக்கத் தையலுக்குள்ளும் தாராளமாகத் துணி மடங்கிக் கிடக்கும். 'வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க' என்று சொல்லாத தாய் இல்லை. சொல்லாமலே விட்டுத் தைக்கிற தையல்காரர்கள்தான் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கடையில் துணி கிழிக்கும்போதே அது நாலு வருடம் உழைக்க வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

இப்போது ரெடிமேட் கடையில் தொங்கும் ஒரு குர்த்தியை எடுத்து உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலை ஒட்டியே ஓவர்லாக் ஓடியிருக்கும். மிச்சத் துணியை மெஷினே நறுக்கித் தள்ளியிருக்கும். விரல் அகலத்துக்குக்கூட உள்ளே துணி இருக்காது. இடுப்பு ஓர் அங்குலம் கூடினால் அந்தக் குர்த்தியின் ஆயுள் முடிந்தது. தொழிற்சாலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டுகிற இடத்தில் உருப்படிக்கு அரை அங்குலம் மிச்சம் பிடித்தாலும் அவர்களுக்கு லாபம். நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான், அதுவும் மெதுவாகத்தான் தெரியவரும்.

பட்ஜெட்டுக்குள் அலமாரியைப் புதுப்பிப்பது எப்படி என்று ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஷாப்பிங் பட்டியலைத்தான் நீட்டுகிறார்கள்: ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு டெனிம், ஒரு ஸ்டோல். குறைந்த செலவு என்று சொல்லி வாங்கவே அனுப்புகிறார்கள். அலமாரியில் ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொண்டு முதலில் ஏறவேண்டியது தெருமுனைத் தையல் கடையின் படி. ஜவுளிக் கடைக்கு அப்புறம் போகலாம்.

எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை, பதினைந்து ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானதாகவும், ஓர் ஆடையை மனிதர்கள் உடுத்தும் தடவைகள் 36 சதவீதம் குறைந்ததாகவும் கணக்கிட்டது. எங்கோ மேல்நாட்டுச் சங்கதி என்று இதை ஒதுக்க முடியாது. அந்த உற்பத்தியில் ஒரு பங்கு திருப்பூருடையது. அங்கே சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்றதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் அந்தக் கரையின் விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். மலிவான டி-ஷர்ட்டின் பாக்கி விலையை யாரோ ஒருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஸ்டைல் என்று வந்தால், நிறைய உடை இருப்பவருக்குத்தான் அது வாய்க்கும் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தமிழ்நாட்டின் நினைவில் தங்கிய தோற்றங்கள் எல்லாம் திரும்பத் திரும்ப உடுத்தியதால் தங்கியவை. எம்.ஜி.ஆருக்கு ஒரு வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். கருணாநிதிக்கு மஞ்சள் துண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த நீலம், 'எம்.எஸ். ப்ளூ' என்று நிறத்துக்கே பெயராகிவிட்டது. மற்றவர்கள் அந்த நீலத்தைக் கடையில் கேட்டு வாங்கினார்கள்.

பாடகி உஷா உதுப்பின் வழி இன்னும் சுவாரஸ்யம். காஞ்சிப் பட்டும் பெரிய பொட்டும் அவருடைய அடையாளம் என்பது ஊரறிந்தது. மேடையில் மணிக்கணக்கில் நின்று பாட வேண்டியவருக்கு வசதியான ஸ்னீக்கர்ஸ் தேவைப்பட்டது. பட்டுச் சேலைக்கும் அதற்கும் பொருந்தாது. அதனால் ஷூவின் மேலேயே பட்டுத் துணியை ஒட்டச் செய்து போட்டுக்கொண்டார். பெரிய டிசைனர் எவரும் தேவைப்படவில்லை. ஒரு துண்டுப் பட்டும் கைத்தொழில் தெரிந்த ஒருவரும் போதுமானதாக இருந்தது.

1985-இல் நதியா நடித்த 'பூவே பூச்சூடவா' படம் வந்தபோது நடந்ததையும் சேர்த்துப் பார்க்கலாம். நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை என்று பள்ளி கல்லூரி வாசல்களில் ஒரு அலையே அடித்தது. பெட்டிக்கடை பிளாஸ்டிக்கில் முடிந்துவிடுகிற ஃபேஷன் அது. பாவாடை தாவணி அதேதான், காதுதான் மாறியது.

சிறு மாற்றத்தால் முழு உடையும் மாறிவிடும் ரகசியம் சேலை உடுத்துபவர்களுக்குக் கைவசமே இருக்கிறது: ரவிக்கை. ஒரு காலத்தில் சேலையோடு போய் 'மேட்சிங் சென்டர்' வாசலில் நிற்பது ஒரு சடங்கு. தரையிலிருந்து கூரைவரை டூ-பை-டூவும் ரூபியாவும் அடுக்கியிருக்கும். கடைக்காரர் சேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, ஒரே பச்சையில் ஒன்பது பச்சையைப் பிரித்துக் காட்டுவார். அந்த ஒழுங்கில் ஒரு சேலைக்கு ஒரு ரவிக்கை. சேலை போனால் ரவிக்கையும் போச்சு. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து கான்ட்ராஸ்ட் வந்ததுதான் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கிடைத்த பெரிய சலுகை. கலம்காரியில் ஒன்று, இக்கத்தில் ஒன்று, மதுரைச் சுங்குடியில் ஒன்று என்று மூன்று ரவிக்கை இருந்தால், வீட்டில் இருக்கும் ஐந்தாறு சாதா பருத்திச் சேலைகள் பதினைந்து விதமாக வெளியே போகும். ரவிக்கைக்கு ஒரு மீட்டர் துணி போதும் என்பதால் நல்ல கைத்தறியாகவே எடுக்கலாம். உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்ல மறக்கக் கூடாது. பல கடைகளில் இப்போது அதைக் கேட்டால்தான் செய்கிறார்கள்.

ஆரி ஒர்க்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கென்று கை முழுக்க ஜரிகையும் கல்லுமாக ஆரி வேலை செய்த ரவிக்கைக்குச் சேலையைவிட அதிகம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். கனம், துவைக்க முடியாது, பிரித்துப் பெரிதாக்கவும் முடியாது. மூன்று தடவை போட்டிருப்பார்களா என்பது சந்தேகம். கலையைக் குறை சொல்லவில்லை. அந்த வேலையை முதுகில் மட்டும், அல்லது கை ஓரத்தில் மட்டும் செய்யச் சொன்னால் கூலியும் குறையும், பக்கத் தையலும் தப்பும்.

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய பட்டுக்கு வருவோம். 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற பலகை எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் வாங்குவது ஜரிகையின் வெள்ளியை. பட்டு அவர்களுக்குப் பொருட்டில்லை. அசல் ஜரிகை வெள்ளி இழையின் மேல் பொன் பூசியது என்பதால் எரித்து எடுத்தால் உலோகம் மிஞ்சும். அந்தக் காசை வாங்கிக்கொண்டு வருவதற்கு முன் சேலையை விரித்து ஒரு தடவை பார்ப்பது நல்லது. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்புக் கோட்டில் இற்றுப்போகும், ஆனால் பார்டரும் முந்தானையும் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். பார்டரை வெட்டி ஒரு சாதாச் சேலையில் வைத்துத் தைக்கலாம். முந்தானையில் ஒரு ரவிக்கையோ துப்பட்டாவோ வரும். பாட்டியின் ஒன்பது கஜம் என்றால் கணக்கு இன்னும் தாராளம்: ஏறக்குறைய 8.2 மீட்டர். அதில் ஐந்தரை மீட்டருக்கு ஒரு சேலை போக, மிச்சத்தில் பேத்திக்குப் பாவாடையே தைத்துவிடலாம். உடல் பகுதி இற்றுப்போகாத சேலைக்கு இவ்வளவும் வேண்டாம். ரோல் பிரஸ் போட்டு, சின்ன ஓட்டை இருந்தால் டார்னிங் செய்து, முந்தானையில் புதுக் குஞ்சம் கட்டினால் கல்யாண வீட்டில் எந்தக் கடை என்று கேட்பார்கள்.

பருத்திக்கு வைத்தியம் இன்னும் எளிது. கஞ்சி போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பழைய சேலை தரும் விறைப்பைப் புதுச் சேலை தருவதில்லை. வெளுத்துப்போன பருத்திக்குச் சாயம் ஏற்றலாம். ஆனால் பாலியஸ்டர் வீட்டுச் சாயத்தைப் பிடிக்காது. வாளியில் முக்கி எடுத்தால் தண்ணீர் நிறமாகும், துணி அப்படியே இருக்கும். துணியின் லேபிளைப் படிக்காமல் சாயப் பொடி வாங்குவது வீண். வேறு நூலில் தைத்த தையல்கள் மட்டும் நிறம் ஏறாமல் பல்லிளிப்பதும் உண்டு. சிலருக்கு அதுவே அழகாகத் தெரியும்.

ஆண்களுக்கு இதில் வேலை இல்லை என்று நினைத்தால் தவறு. சட்டைக் காலரின் மடிப்பு நைந்துபோனால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துப் போட்ட ஒரு தலைமுறை இருந்தது. நைந்த பக்கம் கழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். முழுக்கையின் மணிக்கட்டுப் பட்டி கிழிந்தால் அரைக்கையாக்கினார்கள். பெல்பாட்டம் மோகம் ஓய்ந்தபோது அதே பேன்ட்டுகளைக் குறுக்கிப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்கள். இன்று தோள்பட்டை இறங்கிய, இடுப்பில் பலூனாகப் பிதுங்கும் சட்டையோடு மேடையேறும் பெரிய மனிதர்களைப் பார்க்கும்போது, சட்டை எவ்வளவு விலை என்பதல்ல, பக்கத்தில் ஒரு பிடி பிடித்திருக்கக் கூடாதா என்பதுதான் தோன்றுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் இடம் தெரிந்து வாங்கலாம். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பின்னலாடைகள் மலிவாகக் கிடைக்கும். தையல், ஓட்டை, அளவு மூன்றையும் அங்கேயே நின்று பார்த்துவிட வேண்டும். ஈரோட்டில் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். சென்னைக்காரர்களுக்கு கோடவுன் தெரு. கைத்தறி வேண்டும் என்பவர்கள் 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம்.

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 'போன கல்யாணத்துக்கும் இதேதானே கட்டிக்கிட்டு வந்தே?' என்ற அந்தக் கேள்வி. இப்போது அதைச் சித்தியோ அத்தையோ கேட்க வேண்டியதில்லை, போன் கேலரியே கேட்கிறது. ஒரே உடையில் இரண்டு படம் போடுவதற்குக் கூசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு காற்று வீசியது. 2015-இல் பெங்களூரைச் சேர்ந்த ஆலி மத்தனும் அஞ்சு மௌத்கல் கதமும் ஒரு வருடத்தில் நூறு தடவை சேலை கட்டுவது என்று தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பீரோவுக்குள் பூட்டி வைத்ததை வெளியே எடுப்பதுதான் நோக்கம். ஒவ்வொரு சேலைக்கும் அதன் கதையைச் சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டதில், அம்மா கொடுத்தது, முதல் சம்பளத்தில் எடுத்தது என்று பழைய சேலைகளுக்குத்தான் மவுசு கூடியது. நாடெங்கும் பெண்கள் அதில் சேர்ந்தார்கள்.

மதுரை புதுமண்டபத்தை அறிந்தவர்களுக்குத் தையல்காரரின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கிடையே பல தலைமுறையாகத் தையல் மெஷின்கள் ஓடின. வெளிநாட்டுப் பயணி தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தால், கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அச்சாக இன்னொன்று தயாராக இருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேட உடுப்பும் அங்கேதான். மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு துணியைத் தடவிப் பார்த்து, 'இது சட்டைக்கு ஆகாது, பாவாடைக்கு ஆகும்' என்று சொல்லும் அனுபவம் கட்டடத்தைப் போல அரசு பாதுகாக்கும் பொருளாக எண்ணப்படுவதில்லை.

அந்த அனுபவம் உள்ளவர்கள் ஆல்டரேஷன் வேலை என்றாலே முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. லைனிங் வைத்த ரவிக்கையைப் பெரிதாக்க வேண்டுமானால் பழைய நூலை ஒவ்வொன்றாக அறுத்து, லைனிங்கைத் தனியே பிரித்து, பழைய ஊசித்தடம் வெளியே தெரியாமல் அழுத்தி, பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். புதிது தைப்பது இதைவிடச் சுலபம். இதற்கு, 'ஒரு தையல்தானே போடப் போறீங்க' என்று பேரம் பேசி இருபது ரூபாயில் நிறுத்தினால் அவர் அடுத்த தடவை ஆள் இல்லை என்றுதான் சொல்வார். ஆயிரம் ரூபாய்க் குர்த்தியை மிச்சம் பிடித்துத் தரும் வேலைக்கு நூற்றைம்பது கேட்டால் அது நியாயமான விலை. அதிலும் எண்ணூற்றைம்பது வீட்டில் நிற்கிறது.

போகும் நேரத்தையும் பார்த்துப் போக வேண்டும். ஜூனில் பள்ளிச் சீருடை, ஆவணியில் முகூர்த்த ரவிக்கை, அடுத்து தீபாவளி என்று அவர்களுக்கு வேலை முட்டும். முகூர்த்தம் இல்லாத ஆடியில்தான் மெஷின் கொஞ்சம் ஓய்ந்திருக்கும். ஊரே தள்ளுபடிக் கடை வாசலில் வரிசையில் நிற்கிற மாதம் அது. பீரோவிலிருந்து நாலு உருப்படியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போனால், தையல்காரர் நிதானமாக ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து எதைப் பிரிக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று சொல்வார்.