தாராவிப் பிள்ளைகளுக்கு ஆர்டுயினோவைத் தமிழில் கற்றுக்கொடுங்கள்

மைக்ரோகன்ட்ரோலர் எனும் குட்டிக் கணினிச் சிப் பொறியியல் கல்லூரிக்குள் மட்டும் புழங்கும் பொருள் என்ற எண்ணத்தை உடைத்தது ஆர்டுயினோ. 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்த போர்டு அது. இன்று மும்பை லேமிங்டன் சாலையில் அதன் நகல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே, தாராவியின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையை மறிப்பது விலை மட்டுமல்ல. தொடங்கும் அந்த முதல் ஒரு மணி நேரம்தான் பெரிய தடை. கணினியில் செருகியதும் போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் மென்பொருளில் அதன் இணைப்பு முனை (port) தெரிவதில்லை. கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனதாக இருக்கலாம். நகல் போர்டுகளில் வரும் சிஎச்340 சிப்புக்கு டிரைவர் இல்லாமல் இருக்கலாம். திரையில் வரும் ஆங்கிலப் பிழைச்செய்தி இதையெல்லாம் பிள்ளைக்குப் புரியும்படி சொல்வதில்லை. பக்கத்தில் தமிழில் விளக்க ஆளில்லையென்றால், கோளாறு கேபிளில் இருக்க, பிள்ளை தன் அறிவைச் சந்தேகித்து எழுந்துவிடும்.

டேட்டாஷீட் முழுக்க ஆங்கிலம்தானே, தமிழில் தொடங்கி என்ன பயன் என்பார்கள். தொடங்குபவருக்கு வேண்டிய ஆங்கிலக் கட்டளைகள் ஒரு கைக்குள் அடங்கும். அவை ஒரு வாரத்தில் பழகிவிடும். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. எல்இடியோடு ரெசிஸ்டர் ஏன்? பட்டனைத் தொடாதபோதும் போர்டின் பின் (pin) ஏன் பூஜ்யமும் ஒன்றுமாக மாறிக் காட்டுகிறது? எதனோடும் இணைக்காத பின் சுற்றுப்புற மின்சலனத்துக்கெல்லாம் ஆடும். புல்-அப் ரெசிஸ்டர் அதை 5 வோல்ட்டில் நிறுத்திவைக்கும். இந்தக் காரண காரியத்தைப் பிள்ளை தனக்குத்தானே சொல்லிப் பார்க்கும் மொழியில்தான் கற்பிக்க வேண்டும். நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருமே என்றால், தரும்தான். பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிச் செருகிய வயரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளையின் கண்ணும் யோசனையும் வேண்டும்.

பாடத்துக்கும் ஆளுக்கும் தூரம் போக வேண்டியதில்லை. பவாயில் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இலவசக் காணொளிப் பாடங்கள் தருகிறது. அது எடுத்துக்கொண்ட பாடங்களில் ஆர்டுயினோவும் உண்டு. தாராவியை ஒட்டிய மாட்டுங்காவில் 1923 முதல் விஜேடிஐ பொறியியல் கல்லூரி இருக்கிறது. செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களைச் சனிக்கிழமைகளில் தாராவியின் தமிழ்ப் பள்ளிகளுக்கு வரவழைக்க மாநகராட்சிக் கல்வித் துறை முன்வர வேண்டும். பாடம் எல்இடி மினுக்குவதோடு நின்றுவிடவும் கூடாது. இட்லி அவித்து விற்பது தாராவித் தமிழர் பலரின் தொழில். 125 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரைக் கொப்பரைக்குள் இறக்கினால், நீராவி எத்தனை நிமிடத்தில் சூடேறுகிறது, அடுப்பை எப்போது குறைக்கலாம் என்று ஒரு பிள்ளை தன் வீட்டுக்கே கணக்குப் போட்டுக் கொடுக்கும்.