எரிந்த ஏடும் எரிந்த கணிப்பொறியும்

வீட்டுப் பத்திரங்களைக் காகிதமாகவே பூட்டி வைப்பது நல்லதா, கணிப்பொறியில் ஏற்றி வைப்பது நல்லதா? இன்று பல குடும்பங்களில் எழுகின்ற கேள்வி இது. காகிதம் எரிந்துவிடும், கணிப்பொறியில் இருப்பது எரியாது என்று எண்ணுவோர் உண்டு. இருவேறு நாடுகளில் நிகழ்ந்த இரண்டு தீ விபத்துகள் இதற்கு விடை கூறுகின்றன.

அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரை ஒட்டி, படைவீரர்களின் பணிக்கோப்புகளைக் காக்கும் தேசிய ஆவண மையம் ஒன்று இருந்தது. 1973 ஜூலை 12 அன்று அதன் ஆறாவது மாடியில் தீப்பற்றியது. கோப்புகள் இருந்த பகுதியில், தீ கண்டதும் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் இல்லை. தீ முற்றிலும் அணைய நான்கு நாட்களுக்கு மேல் ஆயிற்று. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு நகலும் இல்லை; நுண்படச் சுருளும் இல்லை. நாட்டுக்காகப் போர்முனை சென்று வந்த முதியவர்கள், தாம் படையில் இருந்ததையே வேறு சான்றுகளைத் தேடி மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் காகிதத்துக்கு ஒரு நற்குணம் உண்டு. நெருக்கமாக அடுக்கிய காகிதக் கட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லத்தான் கருகும். நடுவில் எழுத்து எஞ்சும். கருகியும் நீரில் ஊறியும் கிடந்த கோப்புகளை, விண்வெளிப் பயணச் சோதனைகளுக்குப் பயன்பட்ட வெற்றிட அறையில் வைத்து உலர்த்தினார்கள். ஏறத்தாழ 65 லட்சம் கோப்புகள் மீண்டன.

அடுத்து தென்கொரியா. தேஜோன் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று, லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீ மூண்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுக் கணிப்பொறிச் சேவைகள் நின்றுபோயின. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த பொதுக் களஞ்சியம் அடியோடு அழிந்தது. அதில் இருந்தவை 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியிடத்தில் அதற்கு நகல் வைக்கப்படவில்லை. அங்கே கருகிய ஓரத்தை நீக்கிவிட்டு நடுப்பகுதியைப் படிக்க வழியில்லை.

ஆக, தீ இரண்டையும் விடுவதில்லை. பூட்டி வைக்கும் பெட்டியும் இரண்டுக்கும் ஒன்றன்று என்பதைக் குடும்பத் தலைவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். காகிதம் தீப்பற்ற ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எனவே காகிதத்துக்கென உள்ள தீத்தடுப்புப் பெட்டி, உள்வெப்பத்தை 177 பாகைக்குள் நிறுத்தினால் போதும் என்று வகுத்திருக்கிறார்கள். கணிப்பொறித் தகடுகளுக்கும் நாடாக்களுக்கும் உரிய உயர்தரப் பெட்டியில் அந்த வரம்பு 52 பாகைதான். காகிதப் பெட்டிக்குள் பத்திரத்தோடு ஹார்ட் டிஸ்கையும் வைத்தால், பத்திரம் பிழைத்து ஹார்ட் டிஸ்க் பாழாகக் கூடும். நம் வீட்டு இரும்பு பீரோவோ தீத்தடுப்புப் பெட்டியே அன்று. இரும்பு வெப்பத்தை உள்ளே கடத்திவிடும்.

செயிண்ட் லூயிஸிலும் தேஜோனிலும் நேர்ந்த பெருங்குறை ஒன்றே: ஒரே படி, ஒரே இடம். இங்குதான் கணிப்பொறியின் உண்மையான சிறப்பு விளங்குகிறது. அது எரியாத பொருள் அன்று; எளிதில் படியெடுக்கக் கூடிய பொருள். ஒரு கோடிக் கோப்புகளை 1973இல் படியெடுப்பது மலைபோன்ற வேலை. இன்று ஒரு குடும்பத்தின் ஆவணங்கள் அனைத்தையும் படியெடுக்க ஒரு பிற்பகல் போதும்.

வாசகர்கள் இம்மாதமே இதைச் செய்யலாம். வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, கல்விச் சான்றுகள் ஆகியவற்றின் மூலத்தை நெருக்கமாக அடுக்கி, மின்பெட்டிக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் வையுங்கள். அவற்றைப் படமெடுத்துச் சேமியுங்கள். இன்னொரு படியை, வேற்றூரில் வாழும் நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். படி மூலத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் மூலம் எரிந்துபோனால், பதிவு எண்ணும் தேதியும் காட்டிச் சான்றிட்ட நகல் பெற அந்தப் படியே வழிகாட்டும்.