அண்ணனின் மாத்திரையும் என் அரைகுறை அறிவும்



போன வாரம் மாலை நடைக்குப் போனபோது, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே பழைய அலுவலக நண்பர் ஒருவரைப் பார்த்தேன். மூச்சிரைப்புக்காக நான்கு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வந்தவர். "அது ஸ்டீராய்டாம் சார். முகம் வேற உப்பிப் போச்சு. முந்தாநாளோட நிறுத்திட்டேன்" என்று ஏதோ குடியை விட்டவர் போலப் பெருமையாகச் சொன்னார். அவரை அங்கேயே உட்கார வைத்து, அவருடைய டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். "உடனே மறுபடி ஆரம்பியுங்கள், நாளைக் காலையில் வந்து என்னைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. நண்பருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல காற்று வாங்கும் நேரத்தில் இப்படிக் கலவரப்படுத்தலாமா என்று கேட்டார்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. இதே தவற்றை என் சொந்த அண்ணன் விஷயத்தில் நானே செய்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய கதைதான். இருந்தாலும் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் எண்பதை நெருங்கியவர். மூன்று வருடத்துக்கு முன் அவருக்குத் தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டு, காலையில் கட்டிலை விட்டு எழவே முடியாமல் போயிற்று. டாக்டர் பிரெட்னிசலோன் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் அண்ணன் தானாக எழுந்து மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தார். மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. பழைய சீட்டைக் காட்டி எட்டு மாதம் அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஸ்டீராய்டு மெல்லக் கொல்லும் விஷம், எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும் என்று இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, இந்தச் சனியனை இன்னையோட விட்டுடுங்க" என்றேன். எங்கள் வீட்டில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து பிரெவே வரை தேறியவன் நான் ஒருவன்தான். அதனால் என் சொல்லுக்கு எப்போதுமே அண்ணனிடம் மதிப்பு அதிகம். மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிட்டார்.

நான்காம் நாள் சோர்வு. ஐந்தாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி. ஆறாம் நாள் விடியற்காலையில் அண்ணியிடமிருந்து போன். "தம்பி, உங்க அண்ணன் பாத்ரூம்ல விழுந்து கிடக்கிறாரு. கண்ணைத் திறக்க மாட்டேங்குறாரு."

மருத்துவமனையில் இரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. சர்க்கரையும் உப்பும் குறைந்திருந்தன. பணியில் இருந்த டாக்டரம்மாவுக்கு என் பேத்தி வயது இருக்கும். அவர் கேட்ட முதல் சில கேள்விகளில் ஒன்று: "சமீபத்துல ஏதாவது மாத்திரையை நிறுத்துனீங்களா?" அண்ணி ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. உண்மையைச் சொன்னேன். உடனே நரம்பில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். சாயங்காலம் அண்ணன் கண் விழித்துக் காபி கேட்டார்.

அப்படி என்னதான் நடந்தது? பிறகுதான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். பள்ளியில் இயற்கை அறிவியல் வகுப்பில் க்ளோத் பெர்னாரைப் பற்றிப் பாடம் உண்டு. வெளியே வெயிலோ மழையோ, உடம்புக்குள் இருக்கும் 'மில்யே ஏந்தேரியேர்', அதாவது உட்சூழல், மாறாமல் நிலையாக இருப்பதால்தான் நாம் உயிர் வாழ்கிறோம் என்று சொன்ன பிரெஞ்சு அறிஞர் அவர். மனப்பாடமாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கினேன். அந்தச் சூழலை நிலையாக வைத்திருப்பது யார், எப்படி என்பதை எழுபது வயதுக்கு மேல்தான் கேட்டேன்.

ஆயுள் முழுக்கக் குமாஸ்தாவாக இருந்தவன், எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். அலுவலகத்தில் செய்தி போக இரண்டு வழிகள். ஒன்று தொலைபேசி. குறிப்பிட்ட மேசைக்குக் கம்பி வழியே உடனே போகும், பேசி முடித்ததும் முடிந்தது. மற்றொன்று சுற்றறிக்கை. எல்லா அலுவலகங்களுக்கும் போகும், ஆனால் சம்பந்தப்பட்ட பிரிவு மட்டுமே அதை எடுத்து வேலை செய்யும். மெதுவாகப் போனாலும் அதன் விளைவு நீண்ட நேரம் நிற்கும். நம் உடம்பில் நரம்பு என்பது தொலைபேசி. வேகமான நரம்பு இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். ஹார்மோன் என்பது சுற்றறிக்கை. இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றும், அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பி எந்தச் செல்லில் இருக்கிறதோ அந்தச் செல் மட்டும் பணியும்.

நேரு வீதியைக் கடக்கிறீர்கள். ஒரு மோட்டார் சைக்கிள் உரசுவது போல் வருகிறது. நினைக்கும் முன்பே கால் பின்வாங்குகிறது. அது நரம்பின் வேலை. வண்டி போன பிறகும் சில நிமிடம் நெஞ்சு படபடக்கிறது அல்லவா? சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதிக்கு நரம்பு செய்தி சொல்ல, அது இரத்தத்தில் அட்ரினலினை விட்டதால் வந்த படபடப்பு அது. அதே சுரப்பியின் வெளிப்பகுதி இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் பெயர் கார்ட்டிசால். இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் விழாமல் தாங்கிப் பிடிப்பது அதன் முக்கியமான வேலை. காய்ச்சல், காயம், அறுவை சிகிச்சை என்று உடம்புக்குச் சோதனை வரும்போதெல்லாம் அது கூடுதலாகச் சுரக்க வேண்டும். இது இல்லாமல் உயிர் இல்லை.

இந்தக் கார்ட்டிசால் தானாகச் சுரப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம். அது நரம்புத் திசுதான், ஆனாலும் ஹார்மோன் சுரக்கிறது. அது தனக்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி அட்ரீனலுக்கு உத்தரவு போட, அதன்பின்தான் கார்ட்டிசால் வரும். ஹைபோதலாமஸிலிருந்து வரும் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் திழோனில் பிறந்த ரொழே கியெமேன். அதற்காக 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். மூளையும் சுரப்பிகளும் வேறு வேறு இலாகாக்கள் அல்ல, ஒரே தலைமைச் செயலகம்தான் என்று காட்டிய வேலை அது.

இப்போது அண்ணனின் மாத்திரைக்கு வருவோம். பிரெட்னிசலோன் என்பது கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. ஸ்டோரில் சரக்கு நிறைய இருந்தால் எந்தத் தலைமை எழுத்தர் புதிதாக இண்டென்ட் போடுவார்? மாத்திரை வடிவில் தினமும் சரக்கு வந்து இறங்குவதைப் பார்த்த ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் உத்தரவு போடுவதை நிறுத்திவிடுகின்றன. வேலை இல்லாத அட்ரீனலின் வெளிப்பகுதி சுருங்கிப் போகிறது. சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டாலே இது நேரலாம். அண்ணனுக்கு எட்டு மாதம். அந்த நிலையில் வெளிச் சரக்கை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்? ஸ்டோரில் சரக்கு இல்லை, பட்டறையிலும் ஆள் இல்லை. படுத்துக் கிடக்கும் பட்டறை எழுந்து உட்கார மாதக் கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். ஆகவேதான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நான் வாட்ஸ்அப்பில் படித்தது முழுப் பொய்யும் அல்ல. நீண்ட காலம் சாப்பிட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், கண்ணில் புரை வரும், நோய்த்தொற்று சுலபமாகப் பற்றும். உண்மையில் பாதியைச் சொல்லி மீதியை விட்டதுதான் அந்தச் செய்தியின் ஆபத்து. விடவேண்டிய மருந்தையும் விடும் முறை அறிந்து விடவேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால், ஹார்மோன் விஷயத்தில் மனிதர்கள் எப்போதுமே ஒன்று கும்பிடுகிறார்கள், இல்லையென்றால் பயந்து ஓடுகிறார்கள். மொரீசியஸில் பிறந்த ப்ரௌன்-செக்கார் என்ற மேதை, அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டால் விலங்குகள் பிழைக்காது என்று 1856-லேயே காட்டியவர். க்ளோத் பெர்னாருக்குப் பின் கொலேழ் து பிரான்ஸில் அவருடைய நாற்காலியில் அமர்ந்தவர். அப்பேர்ப்பட்டவரே 1889-இல், தமது 72-ஆம் வயதில், விலங்குகளின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாகப் பாரிசில் அறிவித்தார். அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க முடியாது என்று பின்னால் தெரிந்தது. 1948-இல் அமெரிக்காவில் மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே வருடத்தில் நோபல் பரிசும் வந்தது. பக்க விளைவுகள் தெரியத் தொடங்கியதும் அற்புத மருந்து என்று கொண்டாடிய வாயே பயமுறுத்தத் தொடங்கியது. எண்பது வயது அண்ணன் கும்பிட்டார், எழுபது வயதுத் தம்பி பயந்தேன். இரண்டு பேருக்குமே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாது.

சரி, குற்றம் யாருடையது? முதல் குற்றவாளி நான்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு மாதத்தில் ஒருவர்கூட அண்ணனிடம் "இதைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்" என்று சொல்லவில்லை என்பதும் உண்மை. எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. பட்டையில் இருக்கும் எச்சரிக்கை பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். பிரெஞ்சில் படித்த எனக்கே அது சிரமம் என்றால், அண்ணிக்கு என்ன புரியும்?

நோயாளிகளிடம் எல்லாவற்றையும் சொன்னால் பயந்து மருந்தே சாப்பிட மாட்டார்கள் என்று டாக்டர் நண்பர் ஒருவர் வாதிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது பாடம் நடத்த நேரமில்லை என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் நான் பாடம் கேட்கவில்லை, ஒரு வாக்கியம் கேட்கிறேன். அதைத் தமிழில் ஒரு ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து சீட்டில் குத்திவிடலாம். பிரிட்டனில் 2020 முதல் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அவசர அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். விபத்தோ மயக்கமோ நேர்ந்தால், எந்த மருத்துவமனையிலும் அந்த அட்டையைப் பார்த்து உடனே செய்ய வேண்டியதைச் செய்வார்கள். இவ்வளவு மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் உள்ள நம் புதுச்சேரியில் இப்படி ஓர் அட்டை அச்சடிக்க முடியாதா?

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு. உங்கள் மாத்திரைகளில் ஸ்டீராய்டு எது என்று அடுத்த முறை டாக்டரைக் கேளுங்கள். அந்தப் பெயரையும் அளவையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். காய்ச்சல் வந்தாலும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டாலும், பல் பிடுங்கப் போனாலும் அதைச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கென்று பெயர் போடாத பொட்டலத்தில் வரும் பொடியையும் மாத்திரையையும் நம்பாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிடுபவருக்கே தெரியாமல் அவருடைய அட்ரீனல் தூங்கிவிடும். முக்கியமாக, என்னைப் போல் நாலு எழுத்துப் படித்த தம்பிமார்கள் வீட்டுக்கு வந்து நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள்.

அண்ணனுக்கு டாக்டர் மாதம் கொஞ்சமாக அளவைக் குறைத்து, ஒரு வருடம் கழித்து மாத்திரையை முழுவதும் விடவைத்தார். இப்போது நலமாக இருக்கிறார். அந்த ஆறு நாட்களைப் பற்றி இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றும் தலைவலி, காய்ச்சல் என்றால் முதலில் எனக்குத்தான் போன் போடுகிறார்.

"டாக்டரைக் கேட்டுச் சொல்றேன் அண்ணே" என்கிறேன்.