உள்ளது உள்ளவாறே

‘மகரம்’, ‘மகாரம்’, ‘மஃகான்’ என ஓர் எழுத்தைப் பெயரிட்டு வழங்குவது நம் மரபு. இவற்றில் வரும் கரம், காரம், கான் என்பன எழுத்துச்சாரியைகள் எனத் தொல்காப்பியம் கூறும். சொல்லுள் நின்று தொழில் செய்யும் எழுத்து வேறு. தன்னையே சுட்டி நிற்கும் எழுத்து வேறு. இவ்வேறுபாட்டை நம் இலக்கணம் அன்றே கண்டது.

இன்றைய கணினி அச்சுக்கோப்பிலும் இதே வேறுபாடு எழுகிறது. அமெரிக்க அறிஞர் டொனால்டு குனூத் உருவாக்கிய ‘டெக்’ முறையில் விழுக்காட்டுக் குறிக்குத் தனித்தொழில் உண்டு. அதனை வாளா தட்டச்சிட்டால், அவ்வரியில் அதன்பின் உள்ளவை அனைத்தும் அச்சில் மறைந்துவிடும். குறியைக் குறியாகவே காட்ட அதன்முன் பின்சாய்கோடு இடல் வேண்டும். பல வரிகளை உள்ளவாறே காட்ட, அதன் வழிவந்த ‘லேடெக்’கில் ‘வெர்பாட்டிம்’ என்னும் கட்டளை உண்டு. ‘இங்குள்ளதைப் பொருள்கொள்ளாதே, அப்படியே காட்டு’ என்பதே அதன் கருத்து.

இக்கட்டளை நம் பதிப்புப் பணிக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. அடையாற்றில் 1943இல் தோன்றிப் பெசன்ட் நகரில் இயங்கும் டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் ஓலைச்சுவடிகளைக் காத்துவருகிறது. பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிராது. எகர ஏகார வேறுபாடு விளங்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். எது எதுவெனத் துணிவது பதிப்பாசிரியரின் புலமை. ஆயின் அவர் துணிபு மட்டுமே கணினியில் ஏறினால், ஏட்டில் இருந்தது யாது என அறிய வழியில்லை.

அச்சு நூல்களுக்கும் இது பொருந்தும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’, ‘னை’ முதலியவற்றின் வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனிக்குறியீடு இல்லை. பழைய வடிவமும் புதியதும் ஒரே குறியீட்டுள் அடங்கும். எந்த வடிவம் தோன்றும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. தமிழ் ஒலிகளுக்கெனச் சில அரபு எழுத்துகளில் புள்ளி கூட்டி நம் முன்னோர் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளைத் தமிழெழுத்தில் மட்டும் பெயர்த்து வைத்தால், அப்புள்ளிகளின் வரலாறும் மறைந்துபோகும்.

கற்போர்க்கு எளிய வடிவமே போதும் என்பர் சிலர். எளிய வடிவம் வேண்டுவதே; ஆனால் அது மூலத்தின் இடத்தைப் பிடித்தல் ஆகாது. எனவே, ஏடு பெயர்த்தெழுதும் மாணவர் முதலில் நிழற்படமும், அடுத்து உள்ளவாறான படியும், அதன்பின் திருத்திய பாடமும் எனத் தனித்தனியே வைத்தல் வேண்டும். திருத்தும் உரிமை நமக்குண்டு. திருத்தியதை மறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.