புகை மணம்

சென்ற மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்காகச் சிதம்பரம் போயிருந்தேன். மறுநாள் காலை தெற்கு வீதியில் ஒரு நண்பர் வீட்டில் பலகாரம். இட்டிலியும் கத்திரிக்காய் கொத்சும். சிதம்பரத்தில் வேறு என்ன போடுவார்கள்? நான் கூச்சமில்லாமல் ஆறு இட்டிலி தின்றேன். நண்பரோ இரண்டாவது இட்டிலியிலேயே கையை நிறுத்திக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதெல்லாம் ஒரு கொத்சா ஐயா? எங்கள் அம்மா விறகடுப்புத் தணலில் கத்திரிக்காயைச் சுட்டுச் செய்வாள். அந்தப் புகை மணம் இருக்கிறதே, அது காஸ் அடுப்பு வந்ததோடு போயிற்று. மிக்சி, குக்கர், பொட்டலத்து மசாலா! இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சோம்பல் ஏறிவிட்டது" என்றார்.

அவருடைய மனைவி இட்டிலித் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. "அண்ணாவுக்கு இன்னொன்று வைக்கட்டுமா?" என்று மட்டும் என்னைக் கேட்டார்கள். நானும் ஒன்றும் பேசவில்லை. வாய் நிறைய அவர்கள் செய்த கொத்சு இருந்தது. அப்போது சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தப் புகை மணம் எனக்கும் தெரியும். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். அம்மா சிதம்பரத்துப் பெண். கொத்சுக்குக் கத்திரிக்காயை வதக்குகிறவர்களும் உண்டு, அம்மா சுடுவாள். தோலை உரித்துப் பிசைந்து, மல்லியும் மிளகாயும் வறுத்து அம்மியில் அரைத்து, புளி கரைத்து விட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுவாள். கடலூர்ப் பக்கத்தில் அன்று விறகு என்றால் சவுக்குக் கட்டை. அது தீர்ந்தால் முந்திரி மிலாறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டும் நனைந்து கிடக்கும். அடுக்களையில் ஜன்னல் என்று ஒன்று இருந்தது. பூனை நுழையும் அளவுக்கு. ஊதுகுழலை வாயில் வைத்து அம்மா ஊதுவாள். நெருப்பு வருவதற்கு முன்னால் புகை வரும். ஊதின மூச்சைத் திரும்ப இழுக்க வேண்டும் அல்லவா? இழுப்பாள்.

ஐம்பது வயதில் இருமல் பிடித்தது. புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே அழைத்து, "அம்மாவுக்குச் சுருட்டு, பீடி ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் நிதானமாக அடுத்த கேள்வியைக் கேட்டார்: "வீட்டில் எந்த அடுப்பு?"

நண்பரே, உங்கள் புகை மணம் எங்கே போயிற்று என்று கேட்டீர்களே, அந்த எக்ஸ்ரேயில் இருந்தது.

இதில் என் பங்கையும் ஒளிக்க விரும்பவில்லை. என் இரண்டாவது நாவலில், தணலில் வெடிக்கும் கத்திரிக்காயைப் பற்றியும் தாயின் கைமணத்தைப் பற்றியும் இரண்டு பக்கம் உருகி எழுதியிருக்கிறேன். வாசகர்கள் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தப் புத்தகத்துக்கு வந்த பணத்தில்தான் 1981ல் வீட்டுக்குக் காஸ் அடுப்பு வாங்கினேன். அம்மா எட்டு வருஷம் அதில் சமைத்தாள். நெஞ்சு அதற்கு முன்பே கெட்டுவிட்டது.

இது ஒரு வீட்டுச் சமாசாரமானால் எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுக்களைகளிலேயே, சென்னை ஸ்ரீராமச்சந்திராவைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் கருவி வைத்துப் புகையை அளந்திருக்கிறார்கள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் எவளோ அவள்தான் அதிகம் குடிக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு மணம் மட்டும் வருகிறது.

"இவ்வளவு பேசுகிறீரே, வடலூரில் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறதே" என்று நண்பர் கேட்பார். அவர் கேட்கக்கூடியவர்தான். எரிகிறது, 1867 மே 23ல் ஏற்றியது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த அந்த மகான், பசித்தவன் வயிற்று நெருப்பை அவிப்பதற்காக அந்த நெருப்பை மூட்டினார். இட்டிலிக்குத் தொட்டுக்கொள்ள வாசனை போதவில்லை என்பதற்காக அல்ல.

கோயிலையும் பார்ப்போம். நடராஜருக்குச் சம்பா சாதமும் கொத்சும் நிவேதனம். மடைப்பள்ளியில் கரண்டி பிடிப்பவர்கள் தீட்சிதர்கள், ஆண்கள். தெய்வத்துக்குச் சமைப்பதென்றால் ஆணின் கைக்கு அது பெருமை. வீட்டில் ஒரு சட்டியை இறக்கி வைக்கச் சொன்னால் மட்டும் அதே ஊர் ஆண்களுக்குக் கை சுளுக்கிக் கொள்கிறதே, அது என்ன மாயம்? 2019ல் மத்திய அரசு நேரக் கணக்கு ஒன்று எடுத்தது. ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை ஏதேனும் செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். செய்தவர்களிலும் பெண்ணுக்கு 299 நிமிஷம், ஆணுக்கு 97. அந்த 97ல் கடைக்குப் போய்க் கத்திரிக்காய் வாங்கினதும் அடக்கம் என்று நினைக்கிறேன்.

2011ல் தமிழக அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுத்தபோது, "ஜனங்களைச் சோம்பேறியாக்குகிறார்கள்" என்று சிரித்தவர்களில் எங்கள் நண்பரும் ஒருவர். அம்மியில் அரைத்தால் ருசி என்பதை நான் மறுக்கவில்லை. ருசிதான். யார் தோள் வலியில் அந்த ருசி என்பதுதான் கேள்வி.

ஆருத்ரா தரிசனத்துக்குப் போனேன் என்றேன் அல்லவா? அன்று வீட்டுக்கு வீடு களி. சேந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். விறகு வெட்டி விற்று, தினமும் ஒரு சிவனடியாருக்கு அன்னமிட்டுவிட்டுத்தான் உண்பவர். ஒரு நாள் மழை. விறகு நனைந்துவிட்டது, யாரும் வாங்கவில்லை. வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி செய்து அடியாருக்குக் கொடுத்தார்கள். வந்தவர் இறைவன். மறுநாள் கருவறையெங்கும் களி சிதறிக் கிடந்தது.

என் பாட்டி இந்தக் கதையை எத்தனை தடவையோ சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை சன்னிதியில் நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. விலை போகாத அந்த ஈர விறகு என்ன ஆயிற்று? வீட்டுக்குத்தான் திரும்பியிருக்கும். அதை வைத்துத்தான் அன்று அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். மூட்டியவர் சேந்தனார் அல்ல. அவர் வாசலில் அடியாரை எதிர்பார்த்து நின்றிருப்பார். உள்ளே ஈரக் கட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்தவள் அவர் மனைவி. பாட்டி சொன்ன கதையில் அவளுக்குப் பெயர் இல்லை. நானும் கேட்டதில்லை. பாட்டியும் அப்படி ஊதினவள்தான்.

பழைய சமையலே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். கொத்சு அழிந்தால் முதலில் அழுகிறவன் நான். அம்மா போன பிறகு அதை நானே செய்யக் கற்றுக்கொண்டேன். காம்பைப் பிடித்துக் காஸ் ஜ்வாலையில் சுற்றிச் சுற்றிக் காட்டினால் தோல் கருகுகிறது, உள்ளே வேகிறது. மிக்சியில் அரைக்கிறேன். அம்மா செய்ததில் முக்கால் பங்கு வருகிறது. மீதிக் கால் பங்குக்கு இன்னொருத்தியை இருமச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நண்பருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். கடலூருக்கு ஒரு நாள் வாருங்கள். கொல்லையில் மூன்று செங்கல் வைத்துச் சவுக்குக் கட்டை அடுக்கித் தருகிறேன். கத்திரிக்காயும் என் செலவு. ஊதுகுழல் அம்மாவுடையது இன்னும் பரணில் இருக்கிறது. நீங்கள் ஊத வேண்டும், நான் திண்ணையில் உட்கார்ந்து மணம் வருகிறதா என்று சொல்கிறேன் என்று.

கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.